மூன்றரை நூல்

போன மாதம், என்னோடு கடைசியாக வேலை பார்த்த இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலைக்குப் புதிய கருவி வந்திருக்கிறது, நீங்கள் பார்த்தே ஆகவேண்டும் என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வெளியே போவதில் எனக்கு இப்போது விருப்பமில்லை. முழங்கால் ஒத்துழைப்பதில்லை, நாலு பேர் நடுவில் நின்று பேசினால் மூச்சு வாங்குகிறது. ஆனாலும் போனேன்.

கருவி ஒரு சாப்பாட்டு டப்பா அளவுதான் இருந்தது. அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் நுனியில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு உலோகத் துண்டு. நீராவி ஓடிக்கொண்டிருக்கும் குழாயின் மேல் ஏதோ பசையைத் தடவி, அந்தத் துண்டை வைத்து அழுத்தினார்கள். காதுக்குக் கேட்காத சத்தம் ஒன்று இரும்புக்குள் போய், உட்புறச் சுவரில் மோதித் திரும்புகிறதாம். போய்வர எடுக்கும் நேரத்தை வைத்து, இரும்பு எவ்வளவு கனம் என்று கருவி சொல்லிவிடுகிறது. குழாயை நிறுத்த வேண்டாம், ஆறவிட வேண்டாம், துளை போட வேண்டாம்.

“ஒரே ஒரு விஷயம் சார்,” என்றார் இருவரில் இளையவரான சேகர். “சூடா இருக்கிற இரும்புல சத்தம் மெதுவாப் போகும். அதனால உள்ள கனத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக் காட்டும். எவ்வளவு சூடுன்னு பாத்து அட்டவணைப்படி கழிச்சுக்கணும். அந்தக் காலத்துல நீங்க சூட்டுல எப்படி அளந்தீங்க?”

“அளக்கக் கூடாது. ஆறினப்புறம்தான் அளக்கணும்,” என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ஒரு தடவை சூட்டில் அளந்திருக்கிறேன். அதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். அந்தக் கருவியைப் பார்த்து எனக்கு வருத்தமில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் செய்த வேலை ஒழிந்தது நல்லது. மனுஷன் செய்கிற வேலையில்லை அது.

என் ஊர் கோவில்பதாகை. அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் பிடித்தவர். எங்கள் தெருவில் நிலம் என்று யாருக்கும் கிடையாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு படித்தேன். அந்த ஐந்து வகுப்புதான் என்னை ஏரிலிருந்து பிரித்தது. அம்பத்தூர் ஸ்டேஷனுக்குத் தெற்கே பாய்லர் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்று தகரக் கொட்டகையில் நடந்துகொண்டிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த கூலியாள் வேண்டும் என்றார்கள். சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் பாய்லருக்குள் இறங்கிப் படிவு கொத்துவதும் புகைக்கரி வாருவதும்தான் வேலை. அதற்குப் பிறகு டிரில் பிடிக்க விட்டார்கள். பயிற்சி என்றால் அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் அரிசி மில், சலவைக்கூடம், தோல் பதனிடும் இடம் என்று பாய்லர் இருக்கிற இடங்களுக்கெல்லாம் போவோம். பாய்லர் என்பது இரும்புத் தகடுகளை வளைத்து அடித்த பெரிய பீப்பாய். உள்ளே தண்ணீர், நடுவில் ஒரு குழாயில் நெருப்பு. நெருப்பின் புகை பீப்பாய்க்கு அடியில், செங்கல்லால் கட்டிய ஒரு பாதை வழியாகச் சுற்றிப் போகும். வருஷக்கணக்கில் தகடு தேயும். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. அந்தத் தாளில் கையெழுத்து விழாமல் மில்லில் அடுப்பு மூட்டக் கூடாது.

அளவை நாங்கள் நூல் கணக்கில் சொல்வோம். ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். புதுத் தகடு நாலு நூல், அதாவது அரை அங்குலம். இரண்டு நூலுக்குக் கீழே போனால் அந்தத் தகட்டை வெட்டி எறிய வேண்டும்.

அளப்பதற்கு ஒரு முறை உண்டு. பாய்லரை ஆறவிட வேண்டும். உள்ளே இறங்கி, தண்ணீர் விட்டுச்சென்ற சுண்ணாம்புப் படிவைக் கொத்தித் தகடு தெரியும்படி செய்ய வேண்டும். பிறகு வெளியே இருந்து கை டிரிலால் சின்னத் துளை. டிரில் போடும்போது துளைக்குக் கீழே ஒரு காகிதத்தைப் பிடித்து, விழுகிற இரும்புத் துருவலை முழுவதும் சேர்க்க வேண்டும். துளை விழுந்ததும், நுனி வளைந்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு இழுத்தால் வளைந்த நுனி தகட்டின் உட்பக்கத்தில் மாட்டும். வெளிப்பக்கத்தில் நகத்தால் பிடித்து, கம்பியை உருவி, அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகு துளைக்கு மரை வெட்டி, ஆணி முறுக்கி அடைக்க வேண்டும். துருவலைப் பொட்டலம் கட்டி, எந்தத் துளை என்று மேலே எழுதி, தாளோடு சேர்த்து வைக்க வேண்டும்.

துருவலைச் சேர்க்கும் வழக்கம் எங்கள் சூப்பர்வைசர் ஞானமுத்து சாருடையது. வேறு எந்தக் கம்பெனியிலும் நான் அதைப் பார்த்ததில்லை. “கம்பி தப்பு சொல்லலாம் ஏழுமலை. துருவல் சொல்லாது,” என்பார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான ஆள், கருத்த முகம், காதோரம் நரை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பாய்லருக்குள் இறங்குவார், சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் ஏறி வருவார். கம்பெனியில் எல்லாரும் என்னை “டேய்” என்றுதான் கூப்பிட்டார்கள். அது எனக்கு உறைக்கவும் இல்லை. இவர் ஒருவர்தான் “ஏழுமலை, வாங்க” என்பார். முதல் தடவை கேட்டபோது எனக்குப் பின்னால் வேறு யாரோ நிற்பதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

ஒரு தொழிலாளி அளந்த அளவை அவர் அப்படியே வாங்கிக்கொள்ள மாட்டார். நாங்கள் அளந்து, எண்ணைச் சொல்லாமல் சுண்ணாம்புக் கட்டியால் உள்ளங்கையில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு அவர் உள்ளே போய்த் தானாக அளப்பார். வெளியே வந்து தன் எண்ணைச் சொன்ன பிறகுதான் எங்கள் கையை விரித்துக் காட்டச் சொல்வார். வித்தியாசம் இருந்தால் திட்ட மாட்டார். கம்பியை எங்கள் கையில் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் நிற்பார். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றும்.

ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கிய புதிதில், முகாமின் சலவை பாய்லரைப் பார்க்கப் போனோம். இன்றைக்கே முடித்துக் கொடு என்று ஒரு சார்ஜென்ட் கத்தினான். ஞானமுத்து சார் ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு பாய்லர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “ஆறட்டும்,” என்றார். மூன்று நாள், காலையில் வந்து உட்கார்வார், சாயங்காலம் எழுந்து போவார். நாலாவது நாள் உள்ளே இறங்கினோம். சார்ஜென்ட் அவருக்கு சிகரெட் நீட்டினான். கையெழுத்துக்கு முந்தி யாரிடமும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார், மறுத்துவிட்டார்.

அப்படிப்பட்டவர் சென்னீர்குப்பத்து அரிசி மில் ஒன்றில் சூட்டோடு அளக்க ஏன் ஒத்துக்கொண்டார் என்று கேட்டால், அது யுத்த காலம். ரங்கூன் அரிசி வருவது நின்றுபோயிருந்தது. ஜனங்கள் அரிசிக்கு வரிசையில் நின்றார்கள். ஒரு மில் மூன்று நாள் நிற்பது பெரிய விஷயம். எங்கள் கம்பெனி முதலாளி அவரைக் கூப்பிட்டு, “இனிமே மூணு நாள், நாலு நாள்னு கேட்டா வேற கம்பெனியக் கூப்பிட்டுக்குவாங்க ஞானமுத்து. எல்லார் பொழப்பும் போயிடும்,” என்று சொன்னதை நானே கேட்டேன்.

பெங்களூர் ரோட்டை ஒட்டி இருந்தது அந்த மில். நெல்லை அவித்துக் காயவைத்து அரைக்கிற மில். சனிக்கிழமை சாயங்காலம் நெருப்பை இழுத்துப்போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீரை வடித்திருந்தார்கள். நாங்கள் மூன்று பேர் போனோம்: ஞானமுத்து சார், நான், என்னைவிடப் பத்து வயது மூத்த மன்னார். மன்னாரும் நானும் மாற்றி மாற்றி டிரில் பிடிப்போம்.

மில் மேனேஜர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். “ரெண்டு தொட்டி நெல்லு ஊறுது. நாளைக்குக் காலைல அவிக்கலேன்னா அத்தனையும் நாறிப் போயிடும். இன்னிக்குச் சாயங்காலம் அடுப்பு மூட்டணும். பாத்துக்குங்க,” என்றார்.

“உள்ள படிவு கொத்தியாச்சா?” என்று கேட்டார் ஞானமுத்து சார்.

“போன மாசந்தான் கொத்துனோம்.”

சார் மேலே ஏறி, ஆள் இறங்கும் வாய் வழியாக லாந்தரைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தார். உள்ளே இறங்க முடியாத சூடு. மேல்பாதி தெரிந்தது, சுத்தமாகத்தான் இருந்தது. அடிப்பாகத்தை நெருப்புக் குழாய் மறைத்தது. வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இறங்கி வந்து, “ரெண்டு துளை போடுவோம். முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு,” என்றார்.

நெல் காயவைக்கும் களத்தில் இருபது பெண்கள் வேலைக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். களம் பாய்லர் கொட்டகையை ஒட்டியே இருந்தது. அவர்களில் பச்சையம்மா என்று ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு எங்களிடம் வந்தாள்.

“இன்னா அண்ணாத்தே, இன்னிக்கு மூட்டுவீங்களா? காலைலேர்ந்து வேலையில்லாம குந்திகினு கீறோம். அடுப்பு எரிஞ்சாத்தான் எங்க ஊட்லயும் அடுப்பு எரியும்.”

“சாயங்காலம் ஆயிடும்மா,” என்றார் மன்னார்.

பாய்லருக்கு அடியில் இருந்த புகைப்பாதை, ஒரு ஆள் மல்லாந்து படுத்து நகரும் உயரம்தான். தண்ணீர் வடிந்துவிட்டாலும் செங்கல் சூட்டை விடாது. நனைத்த கோணிச் சாக்கைத் தலையிலிருந்து முழங்கால் வரை சுற்றிக்கொண்டு உள்ளே போவோம். முந்நூறு எண்ணுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார். வெளியே நின்று அவரே சத்தமாக எண்ணுவார். அந்த எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டே டிரிலைச் சுற்றுவோம். உள்ளே மூச்சு இழுத்தால் தொண்டை எரியும். சாக்கிலிருந்து ஆவி கிளம்பி முகத்தில் அடிக்கும். இரும்பில் பட்ட தோல் அங்கேயே ஒட்டும்.

முன்பக்கத் துளைக்கு நாலு தடவை போய் வந்தோம். மூன்றரை நூல். சாரும் உள்ளே போய் அளந்தார். மூன்றரை. துருவல் முழுக்கக் கறுப்பு இரும்பு.

பின்பக்கத் துளை இன்னும் பன்னிரண்டு அடி உள்ளே. மன்னார் இரண்டு தடவை போனார். இரண்டாவது தடவை சார் முந்நூறு எண்ணி முடித்தும் அவர் வரவில்லை. கூப்பிட்டோம். பதில் இல்லை. நான் உள்ளே ஊர்ந்துபோய்க் காலைப் பிடித்து இழுத்தேன். வெளியே கொண்டுவந்து போட்டபோது கண் செருகியிருந்தது. இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்திருந்தது. சார் அவர் தலையை மடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றி விசிறினார்.

“போதும். நிறுத்திடலாம்,” என்றார் சார்.

மேனேஜர் பக்கத்தில் நின்றார். அவருக்குப் பின்னால் அந்தப் பெண்கள் நின்றார்கள். “பாதித் துளையோட நின்னா இன்னாங்க ஆவுறது?” என்றார் மேனேஜர்.

“நான் போறேன் சார். கொஞ்சந்தான் பாக்கி,” என்றேன். சார் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை டிரில் சட்டென்று இலகுவானது. துளை விழுந்துவிட்டது என்று நினைத்தேன், விழவில்லை. இன்னும் சுற்ற வேண்டியிருந்தது, ஆனால் கைக்கு எதிர்ப்பே இல்லை. மண்ணைத் துளைப்பதுபோல் இருந்தது. காகிதத்தைப் பார்த்தேன். இரும்புத் துருவலின் மேல் வெள்ளைப் பொடி கொட்டிக்கொண்டிருந்தது. சுண்ணாம்புப் படிவு. தகடு எப்போதோ முடிந்துவிட்டது. நான் துளைத்துக்கொண்டிருந்தது அதன்மேல் கல்லாக இறுகிக் கிடந்த படிவை. துளை விழுந்தது. கம்பியை விட்டேன். அது படிவின் உட்பக்கத்தில் மாட்டி மூன்றரை நூல் காட்டியது.

எனக்கு எல்லாம் புரிந்தது. புரியவில்லை என்று இன்றைக்கு எழுதிவிடலாம். சூட்டில் மயக்கமாக இருந்தேன் என்று சொல்லிவிடலாம். அப்படியில்லை. தெளிவாகப் புரிந்தது. இதைச் சொன்னால் மூன்று நாள் ஆறவிட வேண்டும், அல்லது திரும்பவும் உள்ளே வந்து இன்னொரு இடத்தில் துளை போட வேண்டும். மன்னார் வரமாட்டார். நான்தான் வர வேண்டும். காகிதத்தைச் சாய்த்து, மேலே கிடந்த வெள்ளைப் பொடியை ஊதித் தள்ளினேன். செங்கல்மேல் விழுந்து புழுதியோடு கலந்துவிட்டது. உள்ளங்கையில் மூன்றரை என்று எழுதிக்கொண்டு வெளியே வந்தேன்.

சார் மன்னாரை விட்டு எழுந்து, நனைத்த சாக்கை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார்.

“வேணாம் சார்,” என்றேன். “நீங்க போவாதீங்க. ரொம்ப சூடாக் கீது. மூன்றரை சார். முன்னால மாதிரியேதான்.”

“கடைசி வரைக்கும் இரும்புதானா?”

“இரும்புதான் சார்.”

அவர் சாக்கோடு நின்றார். மன்னார் முனகினார். சார் திரும்பி மன்னாரைப் பார்த்தார், பிறகு புகைப்பாதையின் வாயைப் பார்த்தார். சாக்கைக் கீழே போட்டார். நான் மறுபடி உள்ளே போய்த் துளையை ஆணி முறுக்கி அடைத்து வந்ததும் தாளை எடுத்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு மேனேஜர் வரவழைத்த மோரை வாங்கிக் குடித்தார்.

அன்று மன்னாரை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றி வீட்டில் சேர்த்துவிட்டு நான் ஊருக்குப் போனேன். என் மனைவி கன்னியம்மாள் அப்போது ஏழு மாதம். என் கையிலும் தோளிலும் கொப்புளங்களைப் பார்த்து, “இன்னாயா இது, சுட்ட கத்திரிக்கா மாதிரி வந்து நிக்கிற?” என்று அழுதாள். எண்ணெய் தடவினாள். நான் படுத்து நன்றாகத் தூங்கினேன். அதையும் சொல்ல வேண்டும். நன்றாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை கொட்டகைக்குப் போனபோது ஞானமுத்து சார் மேஜையில் இரண்டு பொட்டலங்களையும் பிரித்து, இரண்டு காகிதங்களில் பரப்பி வைத்திருந்தார். ஒன்றில் குவியல் பெரிசு. இன்னொன்றில் பாதிதான்.

நானாகப் போய் உண்மையைச் சொன்னேன் என்று மன்னாரிடம் பிற்பாடு சொன்னேன். கன்னியம்மாளிடமும் அப்படித்தான் சொன்னேன். இல்லை. அவர்தான் கேட்டார்.

“ரெண்டும் மூன்றரைன்னா துருவலும் ஒரே அளவு இருக்கணும் ஏழுமலை. இது ஏன் பாதி இருக்கு?”

உள்ளே சிந்திவிட்டது என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்ல வரவில்லை. “கடைசில வெள்ளையா வந்துச்சு சார்,” என்றேன்.

அவர் எழுந்து சைக்கிளை எடுத்தார். நான் கம்பெனி சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னாலேயே மிதித்தேன். அம்பத்தூரிலிருந்து சென்னீர்குப்பம் வரை வெயில். ரோட்டில் பட்டாள லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு தடவையும் ஓரம் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. நிற்கும்போதும் அவர் என் பக்கம் திரும்பவில்லை.

தூரத்திலேயே மில் புகைபோக்கியில் புகை தெரிந்தது. உள்ளே போனால் பாய்லர் முழு அழுத்தத்தில் இருந்தது. நெல் அவிந்துகொண்டிருந்தது. களத்தில் பெண்கள் கூடையும் கையுமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். பச்சையம்மாவின் குழந்தை, பாய்லர் கொட்டகைச் சுவரின் நிழலில் விரித்த துணியில் படுத்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். சாரும் பார்த்தார்.

அவர் மேனேஜரிடம் போய், “நெருப்பை இழுக்கச் சொல்லுங்க. பின்பக்கம் தகடு போயிருக்கு,” என்றார்.

“இன்னா விளையாடுறீங்களா? நேத்து நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?”

“அளவு தப்பு.”

“யார் தப்பு?”

“என் தப்பு,” என்றார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

மேனேஜர் கத்தினார். முதலாளி பட்டணத்தில் இருக்கிறார், அவர் சொல்லாமல் நிறுத்த முடியாது என்றார். ஃபயர்மேன் முனுசாமி கரண்டியும் கையுமாக மேனேஜரையும் சாரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். சார் சண்டை போடவில்லை. “அந்தத் தாளைக் குடுங்க,” என்றார். மேனேஜர் அறையிலிருந்து கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டினார். சார் அதைச் சுவரில் வைத்து, குறுக்கே ‘செல்லாது’ என்று எழுதி, அதன் கீழே ‘இரண்டாவது துளையின் அளவில் என் பிழை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“இப்ப உங்ககிட்ட தாள் கிடையாது. இதுக்கு மேல எரிச்சா அது உங்க பொறுப்பு. ஏதாவது ஆனா நான் வந்து சொல்லுவேன், நிறுத்தச் சொன்னேன்னு.”

மேனேஜர் தாளைப் படித்தார். இரண்டாவது தடவை படித்தார். பிறகு முனுசாமியைப் பார்த்துக் கையை ஆட்டினார். முனுசாமியும் நானும் நெருப்பை வெளியே இழுத்துப் போட்டோம். அழுத்தம் இறங்குகிறவரை ஞானமுத்து சார் பாய்லர் பக்கத்தை விட்டு நகரவில்லை. நான் போய் அந்தக் குழந்தையைத் தூக்கிக் களத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோனேன்.

பச்சையம்மா ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். “நேத்தெல்லாம் குந்தவச்சீங்க. இன்னிக்கு மூட்டிட்டு அணைக்கிறீங்க. நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா?” என்று மண்ணை வாரித் தூற்றினாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். நாங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தோம். இரண்டாவது தொட்டி நெல் நாறிப்போனது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

அந்த பாய்லர் அன்றைக்கு வெடித்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். சனிக்கிழமைவரை ஓடிய பாய்லர்தானே. இன்னும் ஒரு மாதம் ஓடியிருக்கலாம். மத்தியானமே போயிருக்கலாம். யாருக்கும் தெரியாது.

மில் முதலாளி கம்பெனிக்கு வந்து சத்தம் போட்டார். வியாழக்கிழமை எங்கள் முதலாளி ஞானமுத்து சாரையும் என்னையும் கூப்பிட்டார். செல்லாது என்று எழுதிய தாள் மேஜைமேல் கிடந்தது.

“நீதானடா உள்ள போனவன்? இன்னா நடந்தது?” என்று என்னைக் கேட்டார்.

சார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஜாடை ஒன்றும் காட்டவில்லை. சொல் என்றும் இல்லை, சொல்லாதே என்றும் இல்லை. எனக்குக் கன்னியம்மாள் ஞாபகம் வந்தது. அப்பா பிடித்த ஏர் ஞாபகம் வந்தது.

“சார் எழுதுனதுதான் ஐயா,” என்றேன்.

அன்றோடு அவரை அனுப்பிவிட்டார்கள். தன் அளவுகோலையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு, வாசலில் நின்ற என்னிடம், “மன்னாரைப் போய்ப் பாத்துக்குங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் பாய்லர் நன்றாக ஆறியிருந்தது. உள்ளே இறங்கிப் படிவைக் கொத்தினோம். உள்ளங்கை கனத்துக்கு இருந்தது சில இடத்தில். பழைய தகட்டை வெட்டி எடுத்து வெளியே போட்டபோது, நான் தனியாக உட்கார்ந்து ஓரம் முழுவதும் அளந்தேன். அளக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

ஐந்து மாதம் கழித்து, குழந்தை பிறந்து கொஞ்சம் தேறிய பிறகு, திருநின்றவூருக்குப் போனேன். ஏரிக்கரைப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் அவர் குடியிருந்தார். ஒரு மரவாடியில் மரம் அளந்து எழுதும் வேலை கிடைத்திருந்தது. அவர் மனைவி என்னை உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். அதுவரை என் வாழ்க்கையில் நான் யார் வீட்டிலும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. நின்றுகொண்டே இருந்தேன். அவர் வந்து, “உக்காருங்க ஏழுமலை,” என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன்.

“எத்தனை இருந்தது?” என்றார் முதலில்.

“ரெண்டாவது துளைகிட்ட ஒண்ணே முக்கால் நூல் சார். அங்கேர்ந்து ஒரு சாண் தள்ளி, ஒரு நூலுக்கும் கம்மி.”

கண்ணை மூடிக்கொண்டார். “கம்மின்னா எவ்வளவு?” என்று கேட்டார். சொன்னேன்.

பிறகு நான் வந்த விஷயத்தை ஆரம்பித்தேன். “சார், நீங்க என்னைக் காப்பாத்தறதுக்காக...”

“அதுக்காக எழுதல,” என்றார். குரல் உயரவில்லை. “ஒவ்வொரு அளவையும் நானே உள்ள போய்ப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடணும். அன்னிக்கு சாக்கைத் தோள்ல போட்டேன். நீங்க வேணாம்னீங்க. எனக்கும் போகப் பயமா இருந்தது. மன்னார் முகத்தைப் பாத்துட்டு எனக்குப் பயம் வந்துடுச்சு. வேணாம்னு நீங்க சொன்னது சந்தோஷமா இருந்தது. அதைத்தான் எழுதினேன். உள்ளதைத்தான் எழுதினேன்.”

“நான் பொய் சொன்னேனே சார்.”

“சொன்னீங்க. அது உங்களுது. அதை நான் எப்படி எழுத முடியும்?”

அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். குடிக்க மனமில்லை; கொடுத்ததை மறுத்ததாகச் சாருக்குத் தோன்றக் கூடாது என்று குடித்தேன்.

“இப்ப அங்க யார் கையெழுத்துப் போடறாங்க?” என்றார்.

“ஆளு வரல சார். என்னையே போடச் சொல்லிட்டாங்க.”

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. வெட்டிய தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். பிறகு என் கையைக் காட்டச் சொல்லி, தழும்பு ஆறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எனக்கு ரயிலுக்கு நேரமாகிறது என்று சொல்லி எழுந்தார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. சுதந்திரம் வந்த பிறகு அவர் குடும்பம் எங்கேயோ தெற்கே போய்விட்டது என்றார்கள்.

நான் ஓய்வு பெறும்வரை கையெழுத்துப் போட்டேன். ஆறாத பாய்லரில் யாரையும் இறக்கியதில்லை. ஒவ்வொரு துளையையும் நானே போய் அளந்தேன். மூச்சு வாங்குவது அதனால்தான் என்கிறார் டாக்டர். அப்படிச் செய்ததால் மனசு லேசாகியிருக்கும் என்று யாராவது நினைத்தால், ஆகவில்லை. களைப்புத்தான் மிச்சம்.

பிரிவு உபசாரத்தில் மாலை போட்டு நாற்காலியில் உட்காரவைத்து நாலைந்து பேர் பேசினார்கள். ஒவ்வொருவரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். இவர் கையெழுத்துப் போட்ட பாய்லர் ஒன்றுகூட இத்தனை வருஷத்தில் விபத்துக்குள்ளானதில்லை, ஒன்றையும் பாதியில் நிறுத்த வேண்டி வந்ததில்லை என்றார்கள். கைதட்டினார்கள்.

அவர்கள் சொன்னது சரிதான். நிறுத்த வேண்டி வந்த அந்த ஒன்றில் இருந்தது என் கையெழுத்து இல்லை.